ஒரு படம், மூன்று பிரிண்ட் அளவுகள்: வெட்டுவதா, ஓரம் விடுவதா, சட்டத்தை மாற்றுவதா?

பாட்டியின் படம் ஒன்று இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு கையின் மேல் மறு கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்க்கிறார். கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம். அதை மூன்று அளவுகளில் (எல்லாம் அங்குலக் கணக்கில்) பிரிண்ட் போட வேண்டியிருந்தது: எல்லோருக்கும் கொடுக்க 4×6, மேசையில் வைக்க 5×7, கையில் இருந்த பழைய சட்டம் ஒன்றுக்கு 8×10. ஒரே ஃபைலைக் கொடுத்து, மூன்று அளவையும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

4×6 எடுத்தபடியே வந்தது. 5×7இல் விரல் நுனி அடி ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. 8×10ஐ உறையிலிருந்து எடுத்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. பாட்டியின் விரல்கள் பாதியில் அறுபட்டிருந்தன. தலைக்கு மேலே கால் அங்குலம்தான் மிச்சம் இருந்தது. சட்டத்தில் போட்டதும் அதையும் சட்டத்தின் விளிம்பு மூடிவிட்டது.

படத்தை எங்கே வெட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லாததால் மெஷின் மேலும் கீழும் சரிபாதியாக வெட்டியது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என்னென்ன வழிகள் இருக்கின்றன, எந்தப் படத்துக்கு எது ஒத்துவரும் என்பதை இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முகமும் தோளும் மட்டும் உள்ள படத்தைத் தயங்காமல் வெட்டலாம். கை, கால், இரண்டு மூன்று பேர் என்று ஓரம் வரை ஆள் நிறைந்த படத்தை வெட்டாமல், ஓரம் விட்டுப் போடுவதுதான் நல்லது.

அளவுகள் ஏன் ஒத்துப்போவதில்லை

பெரும்பாலான டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் 3:2 விகிதத்தில் படம் எடுக்கின்றன. 36×24 மில்லிமீட்டர் ஃபிலிம் பிரேமிலிருந்து வந்த விகிதம் அது. சினிமா ஃபிலிமின் இரண்டு பிரேம்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் வரும் அளவு. 1925இல் லைக்கா கேமரா சந்தைக்கு வந்ததிலிருந்து அது ஊன்றிவிட்டது. செல்போன் கேமராக்கள் பெரும்பாலும் 4:3. ஆனால் 8×10, 5×7 போன்ற பிரிண்ட் அளவுகள் அதற்கெல்லாம் முந்தைய காலத்துப் பெரிய கேமராக்களின் அளவுகள். அந்த ஃபிலிமே 8×10 அங்குலம் இருக்கும். அதைத் தாளின் மேல் வைத்து அப்படியே பிரிண்ட் எடுப்பார்கள். கேமரா மாறிவிட்டது, தாளும் சட்டமும் மாறவில்லை.

எவ்வளவு போகும் என்று பார்ப்போம். 3:2 படத்தை 8 அங்குல அகலத்துக்கு வைத்தால் உயரம் 12 அங்குலம் வரும். 8×10இல் போட வேண்டுமானால் 2 அங்குலம் போக வேண்டும், அதாவது ஆறில் ஒரு பங்கு. 11×14இலும் கிட்டத்தட்ட அதே நிலைமை, 15 சதவீதம். 5×7இல் 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏ4 தாளில் 6 சதவீதத்துக்கும் குறைவு. சதுரமாக வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 4×6, 8×12, 12×18, 16×24, 20×30 ஆகியவற்றில் எதுவும் போகாது; எல்லாம் ஒரே விகிதம்.

செல்போனின் 4:3 படத்துக்கு இது தலைகீழாக மாறும். 8×10இல் உயரத்தில் 6 சதவீதம்தான் போகும். ஆனால் 4×6இல் அகலத்தில் 11 சதவீதம் போய்விடும். நிமிர்ந்த படத்தில் அகலம் போவது என்றால் தோள், முழங்கை, பக்கத்தில் நிற்பவரின் கை என்று அர்த்தம். செல்போன் படத்தை 4×6இல் போட்டுவிட்டு 'ஓரத்தில் நின்றவர் எங்கே?' என்று தேடுகிறவர்களுக்குக் காரணம் இதுதான்.

வெட்டுவது

பாட்டியின் படத்தை 8×12 என்று நினைத்துக்கொண்டு ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். தலைமுடிக்கு மேலே ஒன்றேகால் அங்குலம் காலி. விரல்களுக்குக் கீழே அரை அங்குலம். மொத்தமாக விட்டுக்கொடுக்க முடிந்தது ஒன்றேமுக்கால் அங்குலம். ஆனால் போக வேண்டியதோ 2. வெட்டும் கட்டத்தை மேலே நகர்த்தினாலும் கீழே நகர்த்தினாலும் எங்காவது ஆள் மேல் கத்தி படும். ஆகவே இந்தப் படத்தை 8×10க்கு 'கொஞ்சமாக' வெட்டவே முடியாது. வெட்டுவதென்றால் நன்றாக உள்ளே போய் வெட்ட வேண்டும்.

உருவப்படத்தை வெட்டுவதில் நான் எப்போதும் பார்ப்பது இதைத்தான்: மூட்டில் வெட்டக்கூடாது. மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால், விரல் மூட்டு எதுவாக இருந்தாலும் சரி, அங்கே வெட்டினால் அந்த உறுப்பே துண்டானதுபோல் தெரியும். தொடையின் நடுவில், மேற்கையின் நடுவில், இடுப்புக்குச் சற்று மேலே வெட்டினால் உடம்பு சட்டத்துக்கு அப்பாலும் தொடர்வதாகக் கண் எடுத்துக்கொள்ளும். கைவிரல்கள் படத்தில் இருந்தால் முழுசாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இல்லவே வேண்டாம். தலையின் உச்சியைக் கொஞ்சம் வெட்டலாம், நெருக்கமான முகப்படத்தில் அது உறுத்தாது. ஆனால் தாடையை ஒருபோதும் வெட்டக்கூடாது. கண்கள் படத்தின் மேல் பாதியில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வந்தால் பெரும்பாலும் சரியாக உட்கார்ந்துவிடும். ஆள் ஒரு பக்கம் பார்க்கிறார் என்றால் அந்தப் பக்கம் இடம் கூடுதலாக விட வேண்டும்.

பாட்டியின் படத்தில் முழங்கைக்கு மேலே, மேற்கையின் நடுவில் அடி ஓரத்தை வைத்தேன். தலைக்கு மேல் அரை அங்குலம் விட்டேன். 8×12 கணக்கில் அது 6.4×8 அங்குலப் பகுதி, சரியாக 4:5 விகிதம். முகம் பெரிதாகி, பார்வை இன்னும் பக்கத்தில் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கைகள் போய்விட்டன. அறுபது வருடம் வேலை செய்த கைகள் அவை; படத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. முகப்படமாக இது நல்ல பிரிண்ட்தான். மூலப் படத்துக்கு மாற்றாக இதை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

வெட்டுவதற்கு முன்னால் திரையில் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். ஃபிலிம் காலத்திலிருந்து ஒரு பழக்கம் உண்டு: தடித்த அட்டையில் எல் வடிவத்தில் இரண்டு துண்டுகள் வெட்டிக்கொண்டு, முழுப்படமாகப் போட்ட 4×6 பிரிண்டின் மேல் எதிரெதிராக வைத்து நகர்த்திப் பார்ப்பார்கள். இரண்டு அட்டைக்கும் நடுவில் தெரியும் செவ்வகம்தான் உங்கள் கிராப், அதாவது வெட்டிய பிறகு மிஞ்சும் பகுதி. திரையில் கண்ணுக்குத் தப்புகிற நெருக்கம் இதில் உடனே தெரிந்துவிடும். இன்றும் இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. சட்டத்தின் உள்விளிம்பு ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் வரை படத்தை மூடும். ஓரமில்லாத பிரிண்ட் போடும்போது மெஷின் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தில் சில மில்லிமீட்டர் தள்ளிவிடும். ஆக, கையோ முடியோ ஓரத்துக்கு அரை அங்குலத்துக்கும் நெருங்கி இருந்தால், திரையில் முழுசாகத் தெரிந்தாலும் சுவரில் அறுபட்டதுபோல்தான் தெரியும். கேன்வாஸில் போட்டு மரச்சட்டத்தின் பக்கவாட்டில் மடிப்பதானால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் அங்குலத்துக்கும் மேல் மடிப்புக்குள் போகலாம்.

ஓரம் விட்டு முழுப்படமாகப் போடுவது

நான் அதிகம் சிபாரிசு செய்வது இதைத்தான், ஆனால் கணக்குத் தெரிந்து செய்ய வேண்டும். 3:2 படத்தை 8×10 தாளில் 'முடிந்தவரை பெரிதாக' என்று போட்டால் கிடைப்பது சுமார் 6.7×10 அங்குலம். இடமும் வலமும் வெள்ளைப் பட்டை, மேலும் கீழும் ஒன்றும் இல்லை. பார்க்கவே நன்றாக இருக்காது, தவறுதலாக வந்த பிரிண்ட் மாதிரி தெரியும். 6×9 என்று சுருக்கினால் பக்கங்களில் 1 அங்குலம், மேலும் கீழும் அரை அங்குலம். பரவாயில்லை, இருந்தாலும் கண் அந்த வித்தியாசத்திலேயே நிற்கும்.

நான்கு பக்கமும் ஒரே அளவு ஓரம் வர வேண்டுமானால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டபோது ஒரு அழகான விஷயம் தெரிந்தது. 5×7 தாளின் நடுவில் 4×6 படத்தை வைத்தால் நான்கு பக்கமும் சரியாக அரை அங்குலம். 8×10 தாளில் அதே 4×6ஐ வைத்தால் நான்கு பக்கமும் 2 அங்குலம். 11×14இல் 6×9 வைத்தால் இரண்டரை. 16×20இல் 8×12 வைத்தால் நான்கு. எல்லாம் அளந்தாற்போல் உட்காருகின்றன. வெட்ட வேண்டியதே இல்லை.

செல்போனின் 4:3 படத்துக்கு இது இன்னும் தாராளம். 8×10 தாளில் 6×8 வைத்தால் சுற்றிலும் 1 அங்குலம், 11×14இல் 9×12 வைத்தாலும் சுற்றிலும் 1 அங்குலம், 16×20இல் 12×16 வைத்தால் 2 அங்குலம். செல்போனில் எடுத்து 8×10 சட்டம் வாங்கியவருக்கு என் பதில் யோசனையே இல்லாமல் இதுதான்.

வெள்ளை ஓரத்தைப் பிரிண்டிலேயே போட்டுக்கொள்ளலாம், அல்லது மவுண்ட் அட்டை (நடுவில் துளை வெட்டி, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைக்கும் தடித்த அட்டை) வைக்கலாம். மவுண்ட் அட்டைதான் மேல்: படம் கண்ணாடியில் ஒட்டாது, அட்டையின் தடிமன் ஒரு சின்ன நிழல் கொடுக்கும், முகம் அமைதியாகத் தெரியும். கடையில் கிடைக்கும் ஆயத்த மவுண்ட் அட்டைகளில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. 11×14 சட்டத்துடன் வருபவை பெரும்பாலும் 8×10 படத்துக்கென்றே வெட்டியிருக்கும். அதில் போட்டால் பழைய பிரச்சினைக்கே திரும்பிவிடுவோம். உள்துளையின் அளவை அளந்து பார்க்க வேண்டும், அல்லது தனியாக வெட்டித் தரச் சொல்ல வேண்டும். துளை படத்தைவிடப் பக்கத்துக்குக் கால் அங்குலம் வரை சிறியதாக இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சமாளிக்க, படத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஓரத்தோடு பிரிண்ட் போட்டு, துளையைப் படத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டச் சொல்வேன். ஒரு மயிரிழைகூட மறையாது.

குறை என்ன? படம் சிறியதாகிவிடும். 8×10 தாளில் நடுவில் 4×6 என்றால் எதிர்ச் சுவரிலிருந்து பார்ப்பவருக்கு முகம் தெரியாது. மேசைக்கும் அலமாரிக்கும் அது அருமை, சுவருக்குப் போதாது. சுவருக்கு வேண்டுமானால் சட்டத்தைப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும்.

அளவையே மாற்றிக்கொள்வது

சட்டம் இன்னும் வாங்கவில்லை என்றால் இதுதான் எல்லாவற்றையும்விட எளிது. 8×10க்குப் பதில் 8×12, 11×14க்குப் பதில் 12×18. படம் முழுசாக வரும், கணக்கும் இல்லை. பல சட்டங்கள் வரிசையாக ஒரே அளவில் தொங்க வேண்டும் என்றால் மட்டும் இது உதவாது.

பின்னணியை நீட்டுவது

நிமிர்ந்த 3:2 படத்தை 4:5க்குக் கொண்டுவர இன்னொரு வழியும் உண்டு: உயரத்தைக் குறைக்காமல் அகலத்தைக் கூட்டுவது. 12 அங்குல உயரத்துக்கு 9.6 அங்குல அகலம் வேண்டும். பக்கத்துக்கு 0.8 அங்குலம் புதிதாக வரைய வேண்டும். ஆளுக்குப் பின்னால் வெறும் சுவரோ, மங்கலான பச்சையோ இருந்தால் இன்றைய மென்பொருள்கள் இதை நன்றாகவே செய்கின்றன. நீட்டுவது பின்னணியை மட்டும்தான், ஆளைத் தொடவில்லை என்பதால் எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. ஓரத்தில் முழங்கையோ நாற்காலியின் கையோ வெட்டுப்பட்டிருந்தால் மென்பொருள் அதைத் தன் இஷ்டத்துக்கு முடித்துவைக்கும். அந்தப் படத்தில் வேண்டாம்.

செய்யவே கூடாதது ஒன்று: படத்தை இழுத்தோ அமுக்கியோ அளவுக்குள் திணிப்பது. 3:2 படத்தை 8×10க்கு அமுக்கினால் முகம் உயரத்தோடு ஒப்பிடும்போது 20 சதவீதம் அகலமாகிவிடும். தெரிந்தவர் யாரும் அந்த முகத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2007இல் ஷை அவிதான், ஏரியல் ஷமிர் இருவரும் வெளியிட்ட சீம் கார்விங் என்ற முறை, முக்கியமில்லாத பிக்சல் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளி) வரிசைகளை மட்டும் உருவி எடுத்துப் படத்தைச் சுருக்குகிறது. நிலக்காட்சிக்கு அது அற்புதம். ஆள் படத்தில் அது தோளையோ கழுத்தையோ நைசாக மாற்றிவிடலாம் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

பிக்சல் போதுமா?

எந்த வழியை எடுத்தாலும் கடைசியில் வருவது இந்தக் கேள்வி. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று எல்லோரும் சொல்வது கண்ணின் கணக்கிலிருந்து வருகிறது. நல்ல பார்வை ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். படத்தை 12 அங்குல தூரத்தில் பிடித்துப் பார்த்தால் அது அங்குலத்துக்குச் சுமார் 286 பிக்சல். 2 அடி தள்ளி நின்றால் பாதி, 143. கையில் வைத்துப் பார்க்கும் 4×6க்கும் 5×7க்கும் 300 வேண்டும். சுவரில் மாட்டும் 16×20க்கு 180, 200 இருந்தால் ஒரு குறையும் தெரியாது.

24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000×4000. அதை 4:5க்கு வெட்டினால் 5000×4000. 8×10இல் அங்குலத்துக்கு 500, 16×20இல் 250. பாட்டியின் முகத்துக்கு நான் வெட்டிய நெருக்கமான பகுதிகூட 3200×4000, அதாவது 8×10இல் 400. தாராளம். 12 மெகாபிக்சல் செல்போனின் 4032×3024 படத்தை 4:5க்கு வெட்டினால் 16×20இல் 189. சுவருக்குப் போதும். ஆனால் செய்தி அனுப்பும் செயலி வழியாக வந்து, நீளப் பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்கிய படம் என்றால் 8×10இல் 150தான் தேறும். அதைப் பெரிதாக்க முயல்வதைவிட எடுத்தவரிடமே மூல ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். அரைமணி நேர வேலை மிச்சமாகும், படமும் நன்றாக வரும்.

ஃபைலில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற இடத்தில் '72' என்று இருப்பதை '300' என்று மாற்றினால் மட்டும் தரம் கூடிவிடாது. அது வெறும் குறிப்பு. பிக்சல்களின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும். செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் மென்பொருள்கள் உண்மையிலேயே பிக்சல்களைக் கூட்டுகின்றன. ஆனால் முகத்தில் கூட்டுவது எல்லாம் அவை ஊகித்தது. பழைய சிறிய படத்தைப் பெரிதாக்கும்போது இல்லாத இமை மயிரும் வேறு யாருடையதோ போன்ற பல்வரிசையும் வந்துவிடலாம். இரண்டு மடங்கு வரை முயன்று பார்க்கலாம். அப்புறம் அந்த ஆளை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

சுருக்கும் விஷயத்தில் என் வழக்கம் இது. வெளியே பிரிண்ட் போடக் கொடுப்பதென்றால் சரியான விகிதத்துக்கு வெட்டி, பிக்சலைக் குறைக்காமல் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற முறையில், உயர்தர ஜேபெக்காகக் கொடுப்பேன். விகிதம் சரியாக இருந்தால் மெஷின் தானாக வெட்ட ஒன்றும் மிஞ்சாது. வீட்டுப் பிரிண்டரில் போடுவதென்றால் நானே 8×10க்கு 2400×3000 பிக்சல் என்று அளவுக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகுதான் கூர்மை சேர்ப்பேன். முதலிலேயே கூர்மை சேர்த்துவிட்டுச் சுருக்கினால் சேர்த்தது வீணாகும். பெரிதாக்கினால் முடியோரங்களில் வெள்ளைக் கோடு எழும்பும்.

ஒவ்வொரு அளவுக்கும் கிராப் மூலப் படத்திலிருந்தே தொடங்க வேண்டும். 8×10க்கு வெட்டியதிலிருந்து மறுபடி 5×7 வெட்டினால் இரண்டு தடவை இழப்பு. நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரே தடவை சரிசெய்து அந்த முழுப்படத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நகல் எடுத்து, பெயரிலேயே '5×7', '8×10' என்று போட்டுவிட்டால் எது எது என்று குழம்ப வேண்டாம். போட்டோஷாப்பில் வெட்டும்போது, வெட்டிய பிக்சல்களை அழிக்கும் தேர்வை நீக்கிவிட்டால் மனம் மாறினாலும் ஓரம் அங்கேயே இருக்கும்.

கடைசியில் நான் போட்டது

4×6 பிரிண்டுகளில் மாற்றம் இல்லை. மேசைக்கு 5×7 தாளின் நடுவில் அதே 4×6, சுற்றிலும் அரை அங்குல வெள்ளை. விரல்களுக்குக் கீழே இப்போது மூச்சுவிட இடம் இருக்கிறது. பழைய 8×10 சட்டத்தில் மேற்கை வரை வெட்டிய முகப்படம் போனது. சுவருக்கென்று 11×14 சட்டம் ஒன்று வாங்கி, மவுண்ட் அட்டையில் 6×9க்குத் துளை வெட்டச் சொல்லி, முழுப்படத்தை வைத்தேன். சுற்றிலும் இரண்டரை அங்குலம்.

இதற்கு அப்புறம் ஆள் படம் எடுக்கும்போது, முழுதாக நிரம்பியதாகத் தோன்றியதும் ஓர் அடி பின்னால் போய் இன்னொன்று எடுக்கிறேன். 3:2 கேமராவில் நிமிர்ந்த படம் என்றால் மேலும் கீழும் சேர்த்து ஆறில் ஒரு பங்குக்கும் மேல் காலியாக விடுகிறேன். செல்போன் என்றால் இடமும் வலமும். பாட்டியை மறுபடி உட்காரவைத்து அப்படி ஒன்று எடுத்தேன். கைகளுக்குக் கீழே 8×12 கணக்கில் இரண்டு அங்குலம் இருக்கிறது. அந்தப் படம் எந்தச் சட்டத்துக்குள்ளும் போகிறது.